முந்தைய படம் யாரிடம் இருக்கிறது?



விண்வெளி நிறுவனங்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் தரவு ஒப்பந்தங்கள்தான் இன்றைய சொற்பொழிவின் பொருள். ஒரு செயற்கைக்கோள் எடுக்கும் படம் எங்கே சேமிக்கப்படுகிறது? எத்தனை ஆண்டுகள் காக்கப்படுகிறது? எந்த நாட்டார் அதைத் திறந்து பார்க்கலாம்? காசு கொடுத்தா, கொடுக்காமலா? இவற்றையெல்லாம் முடிவு செய்வது அந்த ஒப்பந்தங்கள். ராக்கெட் மேலே எழுவதை நாடே பார்க்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுவதை யாரும் பார்ப்பதில்லை. ஆனாலும் மலைச்சரிவில் வீடு உள்ளவருக்கு ராக்கெட்டைவிடக் கையெழுத்துதான் அதிகம் உதவியிருக்கிறது. இதற்கு இந்தக் கேரள மண்ணிலேயே சான்று உண்டு.

2018 ஆகஸ்டு. அந்த ஆண்டு ஜூன் 1 முதல் ஆகஸ்டு 19 வரை இடுக்கி மாவட்டத்தில் பெய்த மழை 3555.5 மில்லிமீட்டர். வழக்கமான அளவைவிட 92 சதவீதம் கூடுதல் என்பது மத்திய நீர் ஆணையத்தின் கணக்கு. ஆகஸ்டு 9-ஆம் தேதி செறுதோணி அணையின் ஷட்டர் 26 ஆண்டுகளுக்குப் பிறகு தூக்கப்பட்டது. மறுநாள் ஐந்து ஷட்டர்களும் திறந்தன. பாலக்காட்டுப் பக்கம் நெல்லியாம்பதி மலைச்சாலை பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டது. மலைமேல் இருந்தவர்கள் கீழே இறங்க வழியில்லாமல் நின்றார்கள்.

எந்தச் சரிவு இடிந்தது, எந்தச் சாலை அறுந்தது, எந்தத் தாழ்நிலத்தில் தண்ணீர் நிற்கிறது என்று அறிய மேலிருந்துதான் பார்த்தாக வேண்டும். பார்க்க இந்தியாவிடம் செயற்கைக்கோள்கள் இல்லையா? இருந்தன. ரிசோர்ஸ்சாட்-2 இருந்தது, கார்ட்டோசாட்-2 வரிசை இருந்தது, ஓஷன்சாட்-2 இருந்தது. ஆனால் ஒளியை நம்பும் கேமராவுக்கு அந்த வாரம் தெரிந்ததெல்லாம் மேகத்தின் மேற்புறம் மட்டுமே. மேகத்தைத் துளைத்துப் பார்க்க ரேடார் வேண்டும். இந்தியாவின் ரேடார் கோளான ரிசாட்-1, 2012 ஏப்ரலில் ஏவப்பட்டு, இந்த வெள்ளத்துக்கு முன்பே செயலிழந்திருந்தது. அதன் இடத்தை நிரப்பும் கோள் விண்ணுக்குப் போனது 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில்தான் கேரளம் மூழ்கியது.

அப்போது கைகொடுத்தது யார்? ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் படங்களும் கனடாவின் ரேடார்சாட்-2 படங்களும். அவற்றை வைத்துத்தான் ஹைதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு மையம் மேக மூட்டத்துக்கு அடியில் நின்ற தண்ணீரை வரைபடமாக்கியது. பாரிஸுக்கும் ஒட்டாவாவுக்கும் இடுக்கிமீது தனிப்பட்ட பாசமா? இல்லை. இரண்டு காகிதங்கள் இருந்தன.

முதல் காகிதம், 'விண்வெளியும் பெரும் பேரிடர்களும்' என்னும் பன்னாட்டுச் சாசனம். 1999 ஜூலையில் வியன்னாவில் நடந்த ஐ.நா. விண்வெளி மாநாட்டில் அதற்கு விதை விழுந்தது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் பிரான்சின் விண்வெளி நிறுவனமும் தொடங்கிவைக்க, 2000 அக்டோபரில் கனடா கையெழுத்திட்டது. நவம்பர் 1 முதல் சாசனம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு வந்த முதல் அழைப்பு எதற்காகத் தெரியுமா? வெள்ளத்துக்கல்ல, நிலநடுக்கத்துக்கல்ல. அதே மாதம் ஸ்லோவேனியாவின் மலைக்கிராமம் ஒன்றின்மேல் இறங்கிய மண்சரிவுக்காக. 2001 செப்டம்பரில் இஸ்ரோ அதில் சேர்ந்தது. 2004 டிசம்பர் சுனாமியின்போது இந்தியா இந்தக் கதவைத் தட்டியது. 2018-லும் கேரளத்துக்காகத் தட்டப்பட்டது.

சாசனத்தின் அமைப்பு எளிமையானது. உரிமை பெற்ற அமைப்பு ஒன்று அழைப்பு விடுக்கும். இரவு பகல் எந்நேரமும் பணியிலிருக்கும் அதிகாரி அதை ஏற்பார். உறுப்பு நிறுவனங்கள் தத்தம் கோள்களை அந்த இடத்தின்மேல் திருப்பும், பழைய படங்களையும் எடுத்துத் தரும். பணம் கைமாறுவதில்லை. கட்டாயமும் இல்லை, இயன்றதைச் செய்வோம் என்ற உறுதி மட்டுமே. இன்று ஒருவர் கொடுக்கிறார், நாளை அவருக்கு வேண்டும்போது இன்னொருவர் கொடுப்பார் என்பது அதற்குள் இருக்கும் கணக்கு.

இரண்டாவது காகிதம், இந்திய விண்வெளித் துறையும் ஐரோப்பிய ஆணையமும் 2018 மார்ச்சில் செய்துகொண்ட ஒத்துழைப்பு ஏற்பாடு. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் திட்டத்துச் சென்டினல் கோள்களின் தரவை இந்தியாவுக்கு விரைவாகத் தர ஐரோப்பா ஒப்புக்கொண்டது. வணிகத்துக்கென வைத்திருக்கும் நுண்துல்லியப் படங்கள் நீங்கலாக, தன் நிலநோக்குக் கோள்களின் தரவைத் தர இந்தியா ஒப்புக்கொண்டது. கையெழுத்தான ஐந்தாம் மாதம் வெள்ளம் வந்தது.

இப்படிப்பட்ட ஏற்பாடு கேரள - தமிழக எல்லைப்புற மக்களுக்குப் புதியதல்ல. பாலக்காட்டு விவசாயிக்கு மணக்கடவு தடுப்பணையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1970-ல் கையெழுத்தான பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் அங்கே கேரளத்துக்கு வந்து சேர வேண்டும். வந்ததா, வரவில்லையா? அதைச் சொல்வது மேடைப் பேச்சு அல்ல, தடுப்பணையில் எடுக்கும் அளவு. அந்த அளவைப் பார்க்க இரு மாநில அதிகாரிகளும் அடங்கிய கூட்டு வாரியம் இருக்கிறது. இரு தரப்பும் ஒரே எண்ணைப் பார்க்காவிட்டால் அந்த ஒப்பந்தத்துக்குப் பொருளில்லை. விண்வெளி நிறுவனங்களின் ஒப்பந்தத்துக்கும் அடிப்படை இதுதான்: யாருடைய கருவி அளந்தாலும், அளவு இருவர் கண்ணிலும் பட வேண்டும்.

விண்வெளியில் அந்த நிலை அவ்வளவு எளிதாக வந்துவிடவில்லை. 1972 ஜூலையில் அமெரிக்கா முதல் லேண்ட்சாட் கோளை ஏவியதும் பல நாடுகளிலிருந்து ஒரே கேள்வி எழுந்தது. எங்கள் மண்ணைப் படமெடுக்க உங்களுக்கு அனுமதி தந்தது யார்? எடுத்த படத்தில் எங்கள் தாதுவளமும் விளைச்சலும் தெரிகின்றனவே, அதை வேறொருவருக்கு விற்பீர்களா? பிரேசிலும் அர்ஜென்டினாவும் முன்அனுமதி வேண்டும் என்றன. அமெரிக்கா மறுத்தது. வழக்கு ஐ.நா. மன்றத்தில் பல ஆண்டுகள் இழுத்தது. 1986 டிசம்பர் 3-ஆம் தேதி பொதுச்சபை தொலையுணர்வுக் கோட்பாடுகளை ஏற்றபோது ஒரு நடுவழி கிடைத்தது. படமெடுக்க அனுமதி தேவையில்லை. ஆனால் படமெடுக்கப்பட்ட நாடு கேட்டால், பாகுபாடின்றி, நியாயமான விலையில் அந்தத் தரவு கிடைக்க வேண்டும்.

நியாயமான விலை என்றால் எவ்வளவு? அங்கேதான் அடுத்த சிக்கல். இந்தியா 1979 முதல் ஹைதராபாத்தை அடுத்த ஷாத்நகரில் லேண்ட்சாட் சமிக்ஞையை நேரடியாக வாங்கியது. அதற்கு ஆண்டுக் கட்டணம் கட்டியது. 1980-களில் அமெரிக்கா லேண்ட்சாட்டைத் தனியாரிடம் விற்பனைக்குக் கொடுத்தது. ஒரே ஒரு படத்தின் விலை 4,000 டாலரைத் தாண்டியது. ஆராய்ச்சி மாணவன் ஒருவன் தன் மாவட்டத்தின் பத்து ஆண்டு மாற்றத்தைப் பார்க்க நினைத்தால் அவனுடைய பல்கலைக்கழகத்தையே அடகு வைக்க வேண்டியிருந்திருக்கும். எடுத்த படங்கள் இருந்தன, பார்க்க ஆளில்லை. 2008-ல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் லேண்ட்சாட் காப்பகம் முழுவதையும் இலவசமாகத் திறந்துவிட முடிவெடுத்தது. விலைக்கு விற்ற காலத்தில் மிக நன்றாக விற்ற ஆண்டிலும் நாளொன்றுக்குச் சுமார் 53 படங்கள்தான் போயின. திறந்த சில ஆண்டுகளில் அது நாளுக்கு ஆயிரக்கணக்கில் ஏறியது. பின்னர் ஐரோப்பா தன் சென்டினல் கோள்களை ஏவும்போதே இலவசக் கொள்கையைச் சட்டமாக்கிக்கொண்டது.

சரி, படம் இலவசம். பழைய படம் இருக்கிறதா?

தரவு தானாக வாழ்வதில்லை. அப்போலோ 11 பயணத்தின் மூலச் சமிக்ஞை நாடாக்கள் அழிக்கப்பட்டு, மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்கும் என்று நாசாவே 2009-ல் முடிவுக்கு வந்தது. மனிதன் நிலவில் கால்வைத்த காட்சிக்கே அந்தக் கதி! 1960-களில் நிலவைப் படமெடுத்த லூனார் ஆர்பிட்டர் நாடாக்கள் பிழைத்தன. ஆனால் அவற்றை ஓட்டும் எந்திரங்கள் வழக்கொழிந்துவிட்டன. நாசாவின் பெண் அலுவலர் ஒருவர் அந்தப் பழைய எந்திரங்களைத் தூக்கிப்போட மனமில்லாமல் தன் வீட்டு கார் கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார். அவற்றைப் பழுதுபார்த்து, மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையில் நிறுவி, 2008 முதல் அந்தப் படங்களை மீட்டார்கள். நாடாவைக் காத்தால் போதாது, அதைப் படிக்கும் வழியையும் காக்க வேண்டும். எந்த வடிவத்தில் சேமிப்பது, எத்தனை பிரதிகள், எந்தெந்தக் கண்டத்தில் என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத வேண்டியிருப்பது இத்தகைய இழப்புகளைத் தவிர்க்கத்தான்.

லேண்ட்சாட் படங்களே ஒரே இடத்தில் இல்லாமல் சிதறிக் கிடந்தன. ஷாத்நகர் போலப் பல நாட்டு நிலையங்கள் நேரடியாக வாங்கிய படங்கள் அந்தந்த நாட்டுக் கிடங்கில் தங்கிவிட்டன. அமெரிக்கத் தலைமைக் காப்பகத்தில் இல்லாத படங்கள் வெளியே பெருந்தொகையாகக் கிடந்தன. 2010 முதல் அவற்றைத் திரட்டி ஒரே காப்பகத்தில் சேர்க்கும் பணி நடந்தது. எவருடைய படத்தையும் எடுத்துவிட முடியாது. ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியே பேச வேண்டியிருந்தது.

பொறுமையாகக் காத்ததற்கும் இங்கே பக்கத்திலேயே உதாரணம் உண்டு. மூணாறு மலைகளுக்குக் கிழக்கே கொடைக்கானல் சூரிய ஆய்வகம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் நாள்தோறும் சூரியனைக் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்துச் சேர்த்தார்கள். நூறாண்டுத் தகடுகள் இப்போது எண்மமாக்கப்பட்டு, உலகெங்கும் சூரியப் புள்ளிகளை ஆராய்வோருக்குத் திறந்திருக்கின்றன. தொடக்கத்தில் அந்தத் தகடுகளை எடுத்தவர்கள் எவரும் கணினியைக் கண்டதில்லை.

ஒப்பந்தம் எவ்வளவு தூரம் பலன்தரும் என்பதற்குச் சந்திரயான்-1 தெளிவான சாட்சி. அதன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பிறந்த கோதவாடி, பாலக்காட்டு எல்லையிலிருந்து அதிகத் தொலைவில்லாத பொள்ளாச்சி வட்டாரத்து ஊர். 2008 அக்டோபர் 22-ல் புறப்பட்ட அந்தக் கலத்தில் 11 கருவிகள். இந்தியாவுடையவை 5, மற்ற 6 வெளிநாட்டவை. ஏற்றிச் செல்ல இந்தியா கட்டணம் கேட்கவில்லை. தரவில் பங்கு கேட்டது. நாசாவின் எம்3 என்னும் கருவி நிலவின் தரையில் நீர் மூலக்கூறுகளின் தடத்தைக் கண்டது. ஆனால் ஒரு கருவி சொன்னால் உலகம் நம்பிவிடுமா? சனிக்கோளுக்குப் போகும் வழியில் காசினி கலம் 1999-ல் நிலவைக் கடந்தபோது எடுத்த அளவீடுகள் பத்தாண்டாகக் காப்பகத்தில் கிடந்தன. அவற்றை எடுத்துப் பார்த்தார்கள். அங்கேயும் அதே தடம். 2009 செப்டம்பரில் முடிவுகள் ஒன்றாக வெளியாயின. சந்திரயான்-1 அதற்கு முந்தைய மாதமே தொடர்பிழந்துவிட்டது. கலம் போன பின்னும் தரவு உழைத்தது. காப்பகத்திலிருந்த அதே எம்3 தரவைக் கொண்டு துருவங்களில் பனிக்கட்டி வெளிப்பட்டிருப்பதை வேறொரு குழு காட்டியது 2018 ஆகஸ்டில். ஆம், கேரளம் வெள்ளத்தில் நின்ற அதே மாதம்.

நிலவிலிருந்து இறங்கி மறுபடி மலைக்கு வருவோம். மண்சரிவைப் பொறுத்தவரை காப்பகத்தின் மதிப்பு இரண்டே சொல்லில் அடங்கும்: முந்தைய படம். சரிந்த பிறகு எடுத்த படத்தில் செம்மண் தழும்பு தெரியும். அது நேற்று விழுந்ததா, நான்காண்டுக்கு முன்பே இருந்ததா? வீடு கட்ட வெட்டிய இடமா, பாறை உடைத்த இடமா? முந்தைய படத்தை அருகில் வைத்தால்தான் தெரியும். 2018 மழையில் கேரளத்தில் நேர்ந்த சரிவுகளைக் கணக்கெடுத்த ஆய்வொன்று 2020-ல் வெளிவந்தது. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம், கேரளப் பல்கலைக்கழகம், தேசியத் தொலையுணர்வு மையம் முதலியவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து செய்தது. இந்திய நிறுவனங்கள் எடுத்த பட்டியல்கள், வெளிநாட்டுக் கோள்களின் படங்கள், 2010-க்கும் 2018-க்கும் இடையில் நிலப்பயன்பாடு மாறிய விதம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார்கள். முந்தைய பட்டியல்களில் இடம் தவறிக் குறித்தவை திருத்தப்பட்டன, விடுபட்டவை சேர்க்கப்பட்டன. கிடைத்த தொகை 4,728 சரிவுகள். ஒரு நாட்டின் தரவை மட்டும் வைத்திருந்தால் அந்தப் பட்டியல் வந்திருக்காது.

ஆனாலும் பட்டியல் வந்த அதே 2020-ல், ஆகஸ்டு 6 இரவு, மூணாற்றுப் பக்கத்து ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை இறங்கியது. தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள் உறங்கிக்கொண்டிருந்த லயங்கள் புதைந்தன. பலியானவர்கள் 70 பேர்; அவர்களில் நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழர்கள். மின்சாரமும் தொலைபேசியும் துண்டிக்கப்பட்டுக் கிடந்ததால் செய்தி வெளியே வர மறுநாள் காலை ஆகிவிட்டது. எத்தனையோ கோள்கள் அந்த மலையைப் படமெடுத்துக் காப்பகத்தில் வைத்திருந்தன. படம் இருந்தது, ஒப்பந்தம் இருந்தது. எச்சரிக்கை லயம் வரை வரவில்லை.

இந்த இடைவெளியைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சாசனம் பேரிடர் நிகழ்ந்த பிறகு விழிக்கும். மீட்புக் காலம் முடிந்ததும் கண்மூடும். மறுகட்டுமானத்துக்கோ, அடுத்த சரிவைத் தடுக்கும் ஆய்வுக்கோ அதில் இடமில்லை. அந்தப் பணிக்கு நாள்தோறும் திறந்திருக்கும் காப்பகம் வேண்டும்.

காட்டுத்தீயில் அந்த வசதி ஓரளவு வந்துவிட்டது. மூணாறு எல்லையை ஒட்டிய குரங்கணியில் 2018 மார்ச் 11-ல் மலையேறச் சென்றவர்களை வளைத்த தீ இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இத்தகைய தீயைக் கண்டு இந்திய வன ஆய்வு நிறுவனம் வனத்துறையினருக்கு அனுப்பும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் அமெரிக்கக் கோள்களின் வெப்ப அளவீட்டிலிருந்து பிறப்பவை. சில மணி நேரத்தில் எவருக்கும் திறந்துவிடப்படும் தரவு அது.

மண்சரிவுக்கு அதைப் போன்றதொரு வழியை நிசார் திறக்கக்கூடும். நாசாவும் இஸ்ரோவும் 2014 செப்டம்பர் 30-ல் டொரண்டோவில் ஒப்பந்தமிட்டு, 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய ரேடார் கோள் அது. எல் அலைவரிசை நாசாவுடையது, எஸ் அலைவரிசை இஸ்ரோவுடையது. 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதையில் திரும்பிவந்து, தரை சில சென்டிமீட்டர் நகர்ந்தாலும் காட்டும்படி வடிவமைக்கப்பட்டது. உடும்பஞ்சோலை, பீர்மேட்டு ஏலத்தோட்டங்களுக்கு இதில் தனிப் பயன் இருக்கிறது. ஏலம் நிழல்மரங்களின் அடியில் வளர்வது. சென்டினல்-1 அனுப்பும் 5.6 சென்டிமீட்டர் அலை பெரும்பாலும் இலைகளிலேயே பட்டுத் திரும்பிவிடும். நிசாரின் 24 சென்டிமீட்டர் அலை இலையைக் கடந்து தரையைத் தொடும். மெல்ல நழுவும் சரிவை அதனால் கண்டுபிடிக்கலாம். பெட்டிமுடி போல ஒரே இரவில் வெடித்து இறங்குவதை அது முன்கூட்டிச் சொல்லிவிடாது. ஆனால் எந்தச் சரிவைக் கவனிக்க வேண்டும் என்று காட்ட முடியும். தரவு அலாஸ்காவிலும் இந்தியாவிலும் காப்பகப்படுத்தப்பட்டு, உலகினர் அனைவருக்கும் இலவசமாகத் திறந்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் கொள்கை.

இந்தியா தன் பங்குக்கு என்ன திறந்திருக்கிறது? 2009-ல் வந்த புவன் தளத்தில் சில படங்கள் கிடைத்தன. அதற்கு மேல் விலையும் அனுமதியும் குறுக்கே நின்றன. 2023-ஆம் ஆண்டின் இந்திய விண்வெளிக் கொள்கைதான், அரசுக் கோள்கள் எடுக்கும் 5 மீட்டர் மற்றும் அதைவிடக் குறைந்த துல்லியப் படங்கள் அனைவருக்கும் இலவசம் என்று அறிவித்தது. லேண்ட்சாட் திறந்து 15 ஆண்டுகள் கழித்து. பிறர் கொடுத்ததை இந்தியா தாராளமாக வாங்கியது. தன்னுடையதைக் கொடுக்கத் தயங்கியது. அந்தத் தயக்கத்துக்குப் பாதுகாப்புக் காரணம் சொல்லப்பட்டது. வேற்று நாட்டுக் கோள் அதே இடத்தை எடுத்த படம் இணையத்தில் இலவசமாகக் கிடக்கையில் அந்தக் காரணம் நிற்கவில்லை.

இன்னும் திறக்காமல் இருப்பது வானத்தில் இல்லை, தரையில் இருக்கிறது. ரேடார் காட்டும் நகர்வைச் சரிபார்க்கத் தரையில் பெய்த மழையின் கணக்கு வேண்டும். மலைத்தோட்டங்களில் எஸ்டேட் அலுவலகங்கள் தலைமுறைகளாக மழைமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிவருகின்றன. அணைகளிலும் அளவுகள் எழுதப்படுகின்றன. எல்லையின் இந்தப் பக்கம் எழுதியது அந்தப் பக்கத்துக்குத் தெரிவதில்லை. ஐரோப்பாவோடும் அமெரிக்காவோடும் ஒப்பந்தம் செய்ய முடிந்த நாட்டில் தேனிக்கும் இடுக்கிக்கும் இடையே, பொள்ளாச்சிக்கும் சித்தூருக்கும் இடையே ஒரு மழைப் பதிவேட்டைப் பகிர முடியாதா? அந்தப் பதிவேடுகளை எண்மமாக்கித் திறக்கும்படி இரு மாநில அரசுகளையும் தோட்ட நிர்வாகங்களையும் கேட்க வேண்டியவர்கள் இந்த ஊர்களின் மக்கள்தான். கல்லூரிகளின் புவியியல் துறைகள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தேவிகுளம் தாலுகாவின் எந்தச் சரிவை எடுத்துக்கொண்டாலும் அதன் முந்தைய படங்கள் லேண்ட்சாட், சென்டினல் காப்பகங்களில் இருக்கின்றன. பதிவு செய்ய ஒரு மின்னஞ்சல் முகவரி போதும், கட்டணம் கிடையாது.